மத்தியானத்து ஓணான்கள்

பிப்ரவரி 21

எட்டாவது அடைப்பும் இன்று முடிந்தது. கையெல்லாம் தகரம் கீறிய கோடுகள், தலைமயிருக்குள் சிவப்பு மண், இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் உட்கார முடியவில்லை. பொழுது சாயும் வரை எட்டையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

எண்களுக்கும் அளவுகளுக்கும் தனி நோட்டு வைத்திருக்கிறேன். இது மற்றதற்கு. பின்னால் என்றைக்காவது வாசித்தால் எனக்கே விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விவரமாக எழுதிவிடுகிறேன்.

நான் தங்கியிருக்கும் கொம்பன்விளை சாத்தான்குளத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். ஊருக்குப் பின்னால் தேரி. சிவப்பு மணல் மேடு மேடாகக் கடல் பக்கம் வரை கிடக்கிறது. நடுநடுவே உடைமரம், கொல்லாமரம் என்கிற முந்திரி. பாலைவனம் பார்க்க யாரும் ராஜஸ்தான் போக வேண்டியதில்லை. இந்த மணலில் இரண்டு வகை ஓணான்கள் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்று, எல்லா வேலியிலும் தலையாட்டுகிற பெரிய ஓணான். இன்னொன்று சின்னது, சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதில் ஆணுக்குத் தொண்டையில் மடித்து வைத்த விசிறி உண்டு. விரித்தால் வெள்ளையில் நீலம். முதல்முறை பார்த்த அன்றுதான் டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வருவதென்று முடிவு செய்தேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பெரியது நிழலில் இருக்கும். சின்னது கொதிக்கிற வெட்டவெளியில் இருக்கும். இரண்டுக்கும் சாப்பாடு ஒன்றுதான்: எறும்பு, கறையான், வண்டு. அப்படியானால் சின்னது மட்டும் ஏன் வெயிலில் கிடக்கிறது? பெரியது நிழலிலிருந்து துரத்திவிட்டது என்பது என் வழிகாட்டி ஆவுடையப்பன் சாரின் முடிவு. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அதைச் சொல்லித்தான் அவர் பெயர் வாங்கினார். கல்லூரிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நான் பார்க்கப்போகிறேன். ஒவ்வொரு அடைப்பும் ஒரு மரத்தையும் கொஞ்சம் வெட்டவெளியையும் சுற்றி நட்ட தகர வேலி. நாலு அடைப்பில் இரண்டு வகையும், நாலு அடைப்பில் சின்னது மட்டும். பெரியது இல்லாத இடத்தில் சின்னது நிழலுக்கு வர வேண்டும். வந்தால் சார் சொன்னது நிரூபணம்.

வீட்டுக்காரம்மா முத்துக்கனி தன் ஆடுகளோடு வந்து பார்த்துவிட்டு, ஓணானுக்கு வீடு கட்டிய முதல் ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இப்போது டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

பிப்ரவரி 25

தூண்டில் கம்பின் நுனியில் நூல் சுருக்கு. அதை ஓணானின் தலைக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். நூலைப் பார்த்து அது பயப்படுவதில்லை, வேடிக்கை பார்க்கிறது. இன்றைக்குப் பிடித்தவற்றோடு எட்டு அடைப்பும் நிரம்பிவிட்டன.

அடையாளத்துக்கு நகப்பூச்சு. சாத்தான்குளம் ஃபேன்சி ஸ்டோரில் ஒரே நேரத்தில் ஆறு நிறம் கேட்டதும் கடைக்காரர் வீட்டில் கல்யாணமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முதுகில் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு. இரண்டாம் அடைப்பில் இருக்கும் சிவப்பு-இரண்டுதான் எல்லாவற்றிலும் சூட்டிகை. கையிலிருந்து விட்டதும் பின்னங்கால்கள் இரண்டில் எழுந்து மனிதனைப் போல ஓடினான். நான் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2

சிவப்பு-இரண்டு விசிறியை விரித்தான். முதல் விசிறி. அவசரத்தில் போட்டோ கலங்கிவிட்டது, பரவாயில்லை.

மார்ச் 9

ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் தில்ஷாத். ஊர் மேலப்பாளையம், ஆராய்ச்சி செய்வது பெங்களூரில். சவப்பெட்டி நீளத்தில் ஒரு மரப்பெட்டியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வனத்துறை அவளுக்கும் இதே தேரிக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அவளுக்கும் ஓணான்தான். அதன் உடம்புச் சூட்டை அளக்கிறாளாம். முத்துக்கனியக்கா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்து அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் இல்லை. தேரி பெரியது. மேற்குச் சரிவு எனக்கு, கிழக்குச் சரிவு அவளுக்கு என்று பேசி முடித்தோம். என் அடைப்புகளின் பக்கம் வரக்கூடாது என்பதை மரியாதையாகத்தான் சொன்னேன். "சரிக்கா" என்று தலையாட்டினாள். அவளுக்கு இருபத்தேழு வயது இருக்கும். என்னைவிடப் பத்து வருடம் முந்திக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 12

அவள் நோன்பு வைத்திருக்கிறாள். இந்த வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல், மத்தியானம் வரை கிழக்குச் சரிவில் அலைகிறாள். அவள் கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி மாதிரி ஒன்று. ஓணானுக்கு நேரே நீட்டினால் சூடு எவ்வளவு என்று காட்டிவிடும். அதைப் பார்த்த முத்துக்கனியக்கா, ஊரில் ஓணான்களுக்குக் காய்ச்சல் பரவியிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் என் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அவளுக்காக இல்லை. தூக்கிச் சுமக்க ஒரு பொருள் குறைவுதானே.

மார்ச் 19

காலையில் முத்துக்கனியக்காவின் ஆடுகள் ஐந்தாம் அடைப்பின் தகரத்தைச் சாய்த்துவிட்டன. நான் மேட்டின் அந்தப் பக்கம் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, தில்ஷாத் சாய்ந்த தகரத்தைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கை வரை வழிந்தது. கிழக்குச் சரிவில் இருந்தவள் எப்படி எனக்கு முன்னால் வந்தாள் என்று தெரியவில்லை. ஓர் ஓணான்கூட வெளியே போகவில்லை.

முத்துக்கனியக்காவோடு பெரிய சண்டை. ஆடு மேயாமல் வேறென்ன செய்யும் என்றார் அவர். வேலி போட எனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்றார். நானும் பேசினேன். கடைசியில் அவரே ஒரு கிழிசல் சேலையைக் கொண்டுவந்து தில்ஷாத்தின் கையைக் கட்டினார். "ஓணானுக்காவ கைய வெட்டிக்கிட்டு நிக்கியளே, ஒங்க ஆத்தா பாத்தா என்ன சொல்லுவா" என்று அவளைத்தான் திட்டினார்.

சாத்தான்குளம் அழைத்துப்போய் ஊசி போட்டு, தையல் போட்டுக் கூட்டி வந்தேன். ஊசி போட்டால் நோன்பு முறியாது என்று நர்ஸிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சங்கடமாக இருந்தது. எழுப்பவில்லை.

மார்ச் 28

ஒரு மாதக் கணக்கு போட்டுப் பார்த்தேன். பெரியது இருக்கும் அடைப்புக்கும் இல்லாத அடைப்புக்கும் வித்தியாசமே இல்லை. சின்னது இரண்டிலும் வெட்டவெளியில்தான் நிற்கிறது. நிழல் காலியாகக் கிடக்கிறது.

எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன். அடைப்பு சிறிதாக இருக்கலாம். தகரத்தின் சூடு காரணமாக இருக்கலாம். சாருக்கு போன் செய்து சொன்னேன். பொறுமையாக இருங்கள், முடிவு தெரிந்ததுதான் என்றார்.

நாகர்கோவிலிலிருந்து அம்மாவும் பேசினாள். "ஆளுவ என்ன சொல்லுகாவ தெரியுமா மக்ளே? அவன் வெரட்டி விட்ட பெறவு போக்கிடம் இல்லாம நீ மண்ணுல கெடக்கியாம். வந்திரு மக்ளே." டவர் சரியில்லை என்று வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. குடும்ப நீதிமன்றத்தில் அடுத்த மாதம் கடைசிக் கையெழுத்து. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2

பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்த தில்ஷாத் இன்று திரும்பிவிட்டாள். அவள் உம்மா கொடுத்துவிட்டதென்று ஒரு தூக்குவாளி நிறைய வட்டலப்பம். எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. வாளி காலி.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணக்கைப் பற்றி வாய்விட்டுவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அது யாருக்கும் பயந்து வெயில்ல நிக்கல. அதுக்கு அந்தச் சூடு வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. என் கேள்விக்கு அவள் எப்படிப் பதில் சொல்லலாம்? மேற்குச் சரிவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அப்படியெல்லாம் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன். நாளைக்கு அந்த மரப்பெட்டியைக் காட்டுகிறேன் என்றாள்.

ஏப்ரல் 3

அந்தப் பெட்டியைப் பார்த்தேன்.

பெட்டியின் ஒரு முனையில் தகரத்தை வைத்து வெயில் காட்டுகிறாள். மறுமுனைக்கு அடியில் மீன்காரரிடம் வாங்கிய ஐஸ். நடுவே நீளமாக மணல். ஒரு முனை அடுப்பு, மறுமுனை குளிர்ச்சி, இடையில் எல்லாச் சூடும் உண்டு. ஓணானை நடுவில் விட்டால் தனக்கு வேண்டிய இடத்துக்கு அதுவே போகும். துரத்த யாரும் இல்லை, ஒளிய நிழலும் இல்லை. பெரிய ஓணானை விட்டாள். குளிர்ச்சிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. சின்னதை விட்டாள். நேராகச் சூட்டுப் பக்கம் நடந்தது.

இது அவள் பிடித்த ஓணான், கிழக்குச் சரிவின் ஓணான், என் ஓணான் அப்படிச் செய்யாது என்றேன். போய்ச் சிவப்பு-இரண்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவனும் நேராகச் சூட்டுக்குப் போய், அங்கே நின்று, எங்கள் இருவரையும் பார்த்து விசிறியை விரித்தான்.

வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தேன். வந்ததும் சண்டை பிடித்தேன். பிறந்ததிலிருந்து துரத்தப்பட்டு வெயிலுக்குப் பழகிப்போன பிராணி பெட்டியிலும் பழக்கத்தில் அங்கேதான் போகும், இது போதாது என்றேன். அவள் கோபப்படவில்லை. "அதுவும் சரிதான்க்கா. அப்ப எது போதும்?" என்று கேட்டாள்.

எது போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாற்றிப் போட வேண்டும். பெரியதோடு ஒரே அடைப்பில் இருந்த சின்னதுகளிடமிருந்து பெரியதை எடுத்துவிட வேண்டும். நேற்று வரை எதிரி படுத்திருந்த நிழல் இன்று காலி. அப்போதும் வராவிட்டால்?

ஏப்ரல் 9

பெரிய ஓணான்களை எல்லாம் முதல் நாலு அடைப்பிலிருந்து எடுத்துக் கடைசி நாலில் விட்டோம். விட்டோம் என்றுதான் எழுத வேண்டும். தில்ஷாத் இல்லாமல் முடிந்திருக்காது. மரத்தில் ஏற என்னால் முடியவில்லை, அவள் ஏறினாள். பெரியது ஒன்று அவள் விரலைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. விரலோடு மரத்திலிருந்து இறங்கினாள்.

அவளுடைய வேலை போன மாதமே முடிந்துவிட்டது என்று இன்றுதான் தெரிந்தது. பெட்டியின் முடிவுகளை உடனே எழுதி அனுப்பச் சொல்லி பெங்களூரிலிருந்து அழைப்பு வருகிறது. அனுப்பினால் அது அவள் பெயரில் தனியாக வரும். பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? துப்பாக்கிக்கு பேட்டரி வரவில்லை, அதனால் இங்கேயே இருக்கிறேன் என்கிறாள். அந்த பேட்டரி முத்துக்கனியக்காவின் சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பேட்டரி. பெட்டிக்கடையில் கிடைக்கும்.

ஏப்ரல் 12

இன்று.

இரண்டு நாள் ஓணான்கள் பழகட்டும் என்று விட்டுவிட்டு, இன்று காலை முதல் பார்த்தோம். விடிந்ததும் ஐந்தாம் அடைப்பில் சண்டை. மரத்தடி எறும்புச் சாரியில் பெரியது சின்னதைத் துரத்தியது, சின்னது ஓடியது. அது உண்மை. சார் எழுதியதில் பொய் இல்லை. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ என்று தில்ஷாத்தைப் பார்த்தேன். அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

வெயில் ஏறியது. பெரியவை எல்லா இடத்திலும் கிளைக்குள் போய் ஒடுங்கிவிட்டன. இரண்டாம் அடைப்பின் முன்னால் குடையை நட்டு இரண்டு பேரும் மணலில் குப்புறப் படுத்தோம். குடை நிழல் ஒருவருக்குத்தான் போதும், முறை வைத்துக்கொண்டோம். உள்ளே மர நிழல் காலி. பெரியது இல்லை. எறும்புச் சாரி அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. சிவப்பு-இரண்டு மரத்துக்கு அடியில் வந்தான். வந்தவன் நாலைந்து எறும்பைப் பொறுக்கித் தின்றான். நின்றான். நிழலில் நின்றான். தில்ஷாத் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிறகு அவன் நடந்தான். நிழலுக்குள் இல்லை, நிழலை விட்டு. யாரும் துரத்தவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சாவகாசமாகக் கொதிக்கிற மணலுக்கு வந்து, ஒரு மேட்டில் ஏறி, சூடு தாங்காமல் விரல்களை மட்டும் தூக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தி விசிறியை விரித்தான். அந்தச் சிவப்பு மணலில் அந்த நீலம் எட்டு அடைப்புக்கும் தெரிந்திருக்கும். இதற்குத்தான் வந்தாயா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. நிழலில் நின்று விரித்தால் எந்தப் பெண் பார்க்கும்?

ஒன்றாம் அடைப்பிலும் அப்படியே. மூன்றிலும் நாலிலும் அப்படியே. ஒவ்வொன்றாக ஓடி ஓடிப் பார்த்தோம். சிவப்பு-இரண்டு தொடங்கி மஞ்சள்-ஒன்று, பச்சை-மூன்று எல்லாரும் வெளியே. நாங்கள் குதித்துக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த முத்துக்கனியக்கா, யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று கம்போடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னோம். மூச்சு வாங்க எங்களையே பார்த்தார்.

"அதான் வெயில்ல நிக்கே. அதுக்கா இந்த ஆட்டம்?"

அதற்குத்தான். அதற்கு மட்டும்தான்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். நாசரேத் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். தில்ஷாத்தும் வேடிக்கை பார்க்க வந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் பாட்டு பிடித்திருந்தது.

அம்மாவுக்கு நானாகவே போன் செய்தேன். வழக்கம்போல ஆரம்பித்தாள். அவள் முடிக்கும்வரை கேட்டேன். பிறகு சொன்னேன், "என்னய யாரும் வெரட்டல்லம்மா. நாந்தான் வந்தேன். எனக்கு இங்க பிடிச்சிருக்கு." அதற்கு அவள், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.

போன வாரம் தக்கலை குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்க் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்று மத்தியானக் கணக்கை தில்ஷாத் எடுத்து வைத்திருந்தாள்.

மே 6

ஆவுடையப்பன் சார் வந்தார். விடிந்ததும் கார் வந்துவிட்டது. ஆளைப் பார்த்ததும் எனக்குப் பழைய பயம், உடனே எழுந்து நின்றேன். மரத்தடி எறும்புச் சாரியில் பெரியது சின்னதைத் துரத்தியதை அவரே பார்த்தார். சின்னப் பையன் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என் தோளைத் தட்டினார். அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் வரை இருந்து பார்க்கச் சொன்னேன். அந்த வெயிலில் தன்னால் முடியாது, பிரஷர் இருக்கிறது என்றார். வீட்டுக்குள் வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கணக்குகளை மட்டும் பார்த்தார். மாற்றிப் போட்டது, பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். தில்ஷாத் கதவோரம் நின்றாள். அவளை அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முதல் நாலு அடைப்பு சரியா வேலை செய்யல பியூலா. அதை விட்டுட்டு மிச்சத்தை எழுதுங்க. வர்ற வருஷம் நான் ரிட்டயர்டு ஆகுறேன்."

என் உதவித்தொகையை நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் குரல் வெளியே வந்தபோது எனக்கே அது வேறு யாருடையதோ போல இருந்தது.

"அடைப்பு நல்லாத்தான் சார் வேலை செஞ்சுது."

அவர் எழுந்துவிட்டார். முத்துக்கனியக்கா கொண்டுவந்த டீயை வாங்கவில்லை. வெளியே போய்க் காரில் ஏறினார், கண்ணாடி ஏறியது, செம்மண் கிளம்பியது. கார் மறையும்வரை நான் வாசலிலேயே நின்றேன். அந்த டீயை தில்ஷாத் குடித்தாள். வீணாகக்கூடாதாம்.

மே 7

சமைக்கவில்லை. தேரிக்கும் போகவில்லை. தில்ஷாத் இரண்டு சரிவும் பார்த்துக்கொண்டாள்.

மே 25

எழுதுகிறோம். பகலில் வெயிலில் கிடந்துவிட்டு சாயங்காலம் கம்ப்யூட்டரின் இரு பக்கமும் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் சண்டை. இதுபோன்ற சண்டை என் வாழ்க்கையில் போட்டதில்லை. அவள் ஒரு வரியை அழித்தால் எனக்குக் கோபம் வருகிறது, அடுத்த நிமிடம் அது நல்லதற்கே என்று தெரிகிறது. அவள் பெட்டி இல்லாமல் என் அடைப்பு ஊமை. என் அடைப்பு இல்லாமல் அவள் பெட்டியை யாரும் நம்பமாட்டார்கள்.

யார் பெயர் முதலில் என்பதை இரண்டு பேருமே பேசாமல் தள்ளிக்கொண்டே வந்தோம். இன்று அவளே ஆங்கில எழுத்து வரிசைப்படி போடலாம் என்றாள். அந்த வரிசையில் நான் முன்னால். பரவாயில்லையா என்று மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை கேட்டால் மாற்றிவிடுவேன் என்றாள். கேட்கவில்லை.

இதுவரை எழுதிய பிரதியை போன வாரமே சாருக்கும் அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து பதில் இல்லை. உதவித்தொகையைப் பற்றியும் பேச்சில்லை. நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியலுக்கு ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். விவரம் கேட்டு வைத்திருக்கிறேன். சும்மாதான்.

ஜூன் 8

காற்று வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் தேரி எழுந்து நடந்துகொண்டிருந்தது. மேடுகள் புகைந்தன. தகரத்தில் மணல் அடிக்கிற சத்தம் ஊர் வரை கேட்டது.

ஓடினோம். ஏழாம் அடைப்பின் ஒரு பக்கம் பாதிக்கு மேல் மூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் தகரம் உள்பக்கம் மடிந்து, எல்லாம் அடியில் போய்விடும். தகரங்களைப் பிடுங்கி ஓணான்களை வெளியே விடுவதைத் தவிர வழியில்லை. முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கையால் தோண்டினோம். கண்ணைத் திறக்க முடியவில்லை. பேசினால் வாய் நிறைய மண். ஒரு கட்டத்தில் என் பக்கத்தில் யாரோ மண்வெட்டியால் வெட்டி வெட்டித் தள்ளுவது தெரிந்தது. முத்துக்கனியக்கா. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே, நாங்கள் ஒரு தகரம் எடுப்பதற்குள் அவர் மூன்று எடுத்தார்.

தகரம் விழ விழ ஓணான்கள் வெளியே வந்தன. பெரியவை நேராக அடுத்த மரத்துக்குத் தாவின. சின்னவை இரண்டு காலில் எழுந்து, காற்றுக்கு எதிராகச் சாய்ந்து, திறந்த மணலில் ஓடின. முதுகில் மிச்சமிருந்த நகப்பூச்சுப் புள்ளிகள் கொஞ்ச தூரம் வரை தெரிந்தன. எல்லாம் பத்திரம். ஒன்றுகூட மண்ணுக்குள் போகவில்லை. நாங்கள் மூன்று பேரும் சாய்ந்த தகரத்துக்குப் பின்னால் முதுகு கொடுத்து உட்கார்ந்தோம். எனக்குச் சிரிப்பாக வந்தது, கண்ணில் நீரும் வந்தது. மண் விழுந்துவிட்டது என்றேன்.

ஜூன் 21

தில்ஷாத் கிளம்புகிற நாள். மத்தியான பஸ். காலையிலிருந்து நான் மும்முரமாகத் தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவற்றை இன்றே அடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவள் மரப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் வந்தது. ஆவுடையப்பன் சார்.

நலம் விசாரிக்கவில்லை. எடுத்ததுமே சொன்னார்.

"பியூலா, நான் என் பழைய இடத்துக்குப் போயிட்டு வந்தேன். ஒரு வாரம். குடை புடிச்சுக்கிட்டு மத்தியானம் உக்காந்தேன்."

கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தேன்.

"அந்தக் காலத்துல நான் காலையில போவேன், சாயங்காலம் போவேன். அப்பத்தான் அதுங்க சண்டை போடும். மத்தியானம் வெயிலுக்குப் பயந்து ரூமுக்கு வந்துருவேன். ஒரு நாள்கூட மத்தியானம் போனதில்லம்மா. பெரியதெல்லாம் மரத்துக்குள்ள தூங்குது. தொரத்த ஆளே இல்ல. சின்னது தன்பாட்டுக்கு வெளிய நின்னு விசிறிக்கிட்டிருக்கு."

"சார்" என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் அனுப்பிய பிரதியில் ஒரே ஒரு திருத்தம்தான் என்றார். நாலாம் பக்கத்தில், முந்தைய கருத்து ஒருவேளை தவறாக இருக்கலாம் என்று நாங்கள் எழுதியிருக்கிறோமாம். அந்த வரி என்னுடையது. தில்ஷாத் அழித்ததை நான் திரும்பத் திரும்ப உள்ளே வைத்த வரி.

"அந்த 'ஒருவேளை'ய எடுத்துருங்க. தப்புன்னா தப்புன்னு எழுதணும். உங்க நீட்டிப்புப் பேப்பர்ல நேத்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அந்தப் பெட்டி வச்சிருக்க பொண்ணு பேரு என்ன சொன்னீங்க?"

சொன்னேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். எழுதிக்கொள்கிறார் போல. அவளிடம் அந்தப் பெட்டியைப் பற்றித் தனக்கு நிறையக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வாசலுக்கு வந்தேன். தில்ஷாத் கயிற்றின் கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"சார் என்னக்கா சொன்னாங்க?"

"மத்தியானம் போயிருக்காங்க" என்றேன்.

அவளுக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. கட்டிய பெட்டியின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் இருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். பெரியது தூங்குகிற இடம் வந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தெருமுனையில் பஸ் வந்து, ஹாரன் அடித்து, கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டது. முத்துக்கனியக்கா வந்து பஸ் போய்விட்டதே என்றார்.

அடுத்தது சாயங்காலம்தான். போகட்டும்.